பார்சல் செலவில் லாபம் வைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

பழைய பொருட்களை ஆன்லைனில் விற்பது பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்டன: பார்சல் செலவு. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் திருச்சியில் தபால் நிலைய கவுன்டரில் 31 வருடம் வேலை பார்த்தவள். ஓய்வுக்குப் பிறகு ஆறு வருடமாகப் பழைய புத்தகங்களும் பித்தளைப் பாத்திரங்களும் ஆன்லைனில் விற்கிறேன். கவுன்டரின் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன்.

மகன் நீட் தேர்வுக்குப் படித்த 9 புத்தகங்களை 1,100 ரூபாய்க்கு விற்றேன். பார்சலுக்கு 300 ரூபாய் என்று முன்பே சொல்லி வாங்கிக்கொண்டேன். தபாலில் 120 ரூபாய்கூட ஆகவில்லை. பார்சல் போய்ச் சேர்ந்ததும், மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, "மீதிப் பணம் எங்கே?" என்கிறார் வாங்கியவர். அட்டைப்பெட்டி, டேப், ஆட்டோ, நான் செலவழித்த இரண்டு மணி நேரம் இதெல்லாம் கணக்கில் வராதா?
– வாசகி, ஈரோடு

வரும் சகோதரி. ஆனால் எல்லாம் பார்சல் கணக்கில் வராது.

புத்தகம் 4 கிலோ 600 கிராம் இருந்தது, ஞான் போஸ்ட்டில் (புத்தகங்களுக்கான தபால் சேவை) அனுப்பினேன் என்று கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். புத்தகங்களைப் பதிவுத் தபாலில் மலிவாக அனுப்பும் பழைய வசதி 2024 டிசம்பரில் நின்றுபோனபோது, என்னைப் போன்ற பழைய புத்தக வியாபாரிகள் நிஜமாகவே தவித்துப்போனோம். 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் மெதுவாகத்தான் போகும். உள்ளே கடிதம் எதுவும் வைக்கக்கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். தபால் 120. நல்ல அட்டைப்பெட்டி 35, பபிள் ரேப் 20, டேப் 10. மொத்தம் 185. சில்லறையைச் சேர்த்து 190 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 110 ரூபாயை இன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆட்டோவுக்கும் உங்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மதிப்பு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். புத்தகத்தைத் துடைத்து, கிழிந்த பக்கத்தை ஒட்டி, படம் எடுத்து, பத்துப் பேருக்குப் பதில் சொல்லி, கடைசியில் வெயிலில் போய் வரிசையில் நின்று அனுப்புகிறோம். அதற்கெல்லாம் காசு வேண்டும்தான். அந்தக் காசைப் புத்தகத்தின் விலையில் சேருங்கள். 1,100க்குப் பதில் 1,200 என்று போடுங்கள். வாங்குபவர் பேரம் பேசுவார், கட்டுபடியாகவில்லை என்றால் போய்விடுவார். அது அவருடைய உரிமை. "பார்சல் செலவு" என்று ஒரு தொகையைச் சொன்னால் மட்டும் யாரும் பேரம் பேசுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? தபால் ஆபீஸ் கேட்கிறது, இவர் என்ன செய்வார் என்று நம்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

நான் வாங்குபவர் பக்கத்தில் நின்ற கதை ஒன்று உண்டு. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடியைப் படத்தில் பார்த்தேன். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, என் அம்மா மாவடு போட்டுவைத்த அதே ஜாடி. விலை 350, பேக்கிங்கும் பார்சலும் 280 என்றார்கள். பீங்கான் ஆயிற்றே, நன்றாகக் கட்டி அனுப்புவார்கள் என்று நினைத்து மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 84 ரூபாய். உள்ளே ஜாடியைச் சுற்றி இரண்டு தாள் செய்தித்தாள், அவ்வளவுதான். மூடி மூன்று துண்டு. 280 ரூபாயையும் கட்டுவதற்கே செலவழித்திருந்தால் நான் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பேன். பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் வைக்கோலோ தெர்மாகோலோ திணித்து அனுப்பினால் பீங்கானுக்கு அவ்வளவு ஆகும். பேக்கிங் சார்ஜ் என்பது அதற்குத்தான். அந்த மூடியை இன்னும் தூக்கிப்போட மனசு வரவில்லை.

பொருளின் விலையைக் குறைத்துக் காட்டிப் பார்சலில் பிடிப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான். அமெரிக்காவின் ஈபே தளம் முதலில் பொருளின் விலைக்கு மட்டும் கமிஷன் எடுத்துக்கொண்டிருந்தது. கமிஷனிலிருந்து தப்பிக்கப் பலர் பொருளைச் சல்லிக்காசுக்குப் போட்டு, ஷிப்பிங்கில் மொத்தப் பணத்தையும் வாங்கினார்கள். 2011இல் ஷிப்பிங் தொகைக்கும் சேர்த்துக் கமிஷன் என்று மாற்றிவிட்டார்கள். தபாலுக்கு ஆனதை மட்டும் வாங்கிக்கொண்டிருந்த நேர்மையான ஆட்களும் அன்றிலிருந்து அந்தத் தபால் காசுக்குக் கமிஷன் கட்ட வேண்டியதாயிற்று. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். படம் போடுவதற்கு முன்பே பொருளைக் கட்டிவிடுவேன். கொக்கியில் மாட்டும் லக்கேஜ் தராசில் பெட்டியோடு எடை போடுவேன். அந்த எடைக்கு என்ன ஆகும் என்று பார்த்துத்தான் தொகை சொல்வேன். அனுப்பியதும் ரசீதை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். இருபது ரூபாய்க்கு மேல் மிஞ்சினால் ஜிபேயில் திருப்பிக் கொடுப்பேன். குறைந்தால் அது என் கணக்கு, மறுபடி கேட்க மாட்டேன்.

பேரனின் மூன்று சக்கர சைக்கிளைக் கூரியரில் அனுப்பப் போனேன். எடை 4 கிலோதான். கடைக்காரர் டேப்பை வைத்துப் பெட்டியை அளந்துவிட்டு 22 கிலோவுக்குப் பணம் கேட்டார். இது பகல் கொள்ளை இல்லையா?
– வாசகர், மதுரை

இல்லை ஐயா. உங்களுக்கு அப்படித் தோன்றியதில் தப்பில்லை, ஆனால் அவர் ஏமாற்றவில்லை.

வண்டியிலும் விமானத்திலும் எடைக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் காசு. பெரிய பெட்டி, உள்ளே பஞ்சு என்றால் வண்டி நிறைந்துவிடும், எடை ஏறாது. அதனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். பெரும்பாலான கூரியர்களில் இதுதான் கணக்கு. அந்த எண்ணுக்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குப் பணம். உங்கள் பெட்டி 60, 45, 40 என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கினால் 1,08,000. வகுத்தால் 21.6. அதைத்தான் 22 என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு ஸ்பேனர் எடுத்து ஹேண்டில்பாரையும் சக்கரங்களையும் கழற்றுங்கள். பெட்டி 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் வந்துவிட்டால் 10.8, அதாவது 11 கிலோ. செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். கழற்றிய போல்ட்டுகளை ஒரு சின்னப் பையில் போட்டு சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஒட்டிவையுங்கள். வாங்குபவரிடம் "மாட்டிக்கொள்ள வேண்டும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இதை நானும் காசு கொடுத்துத்தான் கற்றேன். விற்க ஆரம்பித்த முதல் வருடம் ஒரு பெரிய மூங்கில் முறத்தையும் கூடையையும் சேர்த்து நாக்பூருக்கு அனுப்பினேன். ஒன்றரைக் கிலோதானே என்று 150 ரூபாய் வாங்கினேன், 640 ஆனது. சொன்ன வாக்கை மாற்றவில்லை, கைக்காசு போட்டு அனுப்பினேன். அன்று மாலையே தையல் டேப் ஒன்றை எடுத்துத் தராசோடு சேர்த்துக் கட்டிவைத்தேன்.

ஸ்பீடு போஸ்ட்டில் அரைக் கிலோ வரை இந்தியாவில் எந்த மூலைக்கும் 93 ரூபாய்தான் என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். அதை நம்பிக் கைக்கடிகாரத்துக்கும் காலணிக்கும் விளம்பரம் போட்டேன். கவுன்டரில் வேறு தொகை சொல்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

நீங்கள் பார்த்தது 2025 அக்டோபர் 1 முதல் வந்த பட்டியல். 251 முதல் 500 கிராம் வரை உள்ளூருக்கு 28, 200 கிலோமீட்டர் வரை 70, 2,000 கிலோமீட்டருக்கு மேல் 93. எண்கள் எல்லாம் சரி. ஆனால் அது ஆவணங்களுக்கான கட்டணம் தம்பி, அதோடு வரியும் தனி. கைக்கடிகாரமும் காலணியும் ஆவணம் ஆகாது, பார்சல் கட்டணத்தில்தான் வரும். இதேபோன்ற கட்டணக் குழப்பத்தில் எத்தனை பேர் கவுன்டரில் என்னோடு சண்டை போட்டிருப்பார்கள் தெரியுமா. விளம்பரத்தில் "பார்சல் செலவு எடை பார்த்துச் சொல்லப்படும்" என்று போட்டுவிட்டு, பணம் வாங்குவதற்கு முன் சரியான தொகையைச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்களுக்குச் சொன்ன தொகையிலேயே அனுப்புவதுதான் முறை.

பழைய செல்போன்களைச் சரிசெய்து விற்கும் ஒரு தளத்தில் ஹெட்போன் 899 ரூபாய் என்று இருந்தது. எல்லாம் முடித்து பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் "ஹேண்ட்லிங் கட்டணம் 149" என்று ஏறியது. இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா? நானே வாரா வாரம் வீட்டிலிருந்து புடவை விற்கிறேன். அந்தச் சட்டம் எனக்கும் உண்டா?
– வாசகி, சென்னை

இருக்கிறது. 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். அதற்குள் டெலிவரி எவ்வளவு, தபாலும் கையாளும் கட்டணமும் எவ்வளவு, வரி எவ்வளவு என்றும் பிரித்துக் காட்ட வேண்டும். அப்புறம் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாங்குபவர்களைக் குழப்பிப் பணம் பறிக்கும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுக் கடைசியில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும் அதில் ஒன்று. 899 காட்டிய பக்கத்தையும் 149 ஏறிய பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1915 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

உங்கள் இரண்டாவது கேள்வி முக்கியம். வீட்டை ஒழிக்கும்போது பழைய மிக்ஸியையோ புத்தகத்தையோ எப்போதாவது விற்கும் தனி மனிதருக்கு அந்த விதிகள் பொருந்தாது. வழக்கமாக, தொழில்போல விற்றால் பொருந்தும். வாரா வாரம் புடவை விற்கிறீர்கள் என்றால் உங்களை நீங்களே வியாபாரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். "இன்பாக்ஸில் விலை கேட்கவும்" என்பதையும் விட்டுவிடுங்கள். புடவை 600, பார்சல் 70, மொத்தம் 670 என்று படத்தின் கீழேயே எழுதுங்கள்.

ஒருமுறை கட்டிய பட்டுப்பாவாடை ஒன்றை விற்றேன். மகளுக்கு நீளம் போதவில்லை என்று திருப்பி அனுப்புகிறேன் என்கிறார் வாங்கியவர். போக, வர பார்சல் செலவு யாருடையது?
– வாசகி, காஞ்சிபுரம்

நீளத்தை அங்குலக் கணக்கில் எழுதியிருந்தீர்களா? எழுதியிருந்தால் இரண்டு பக்கச் செலவும் அவருடையது, பாவாடையின் விலையை மட்டும் திருப்பிக் கொடுங்கள். "பத்து வயதுக்குச் சரியாக இருக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆளுக்குப் பாதி. கறையோ கிழிசலோ இருந்து நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எல்லாமே உங்கள் பொறுப்பு.

அந்தக் காலத்தில் வி.பி.பி. என்று ஒன்று இருந்தது, பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். பத்திரிகையில் விளம்பரம் பார்த்துக் கார்டு போட்டால் புத்தகம் வீட்டுக்கு வரும். தபால்காரரிடம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்றால் பார்சல் திரும்பிப் போகும், தபால் செலவு அனுப்பியவர் தலையில். திரும்பி வந்த வி.பி.பி. கட்டுகளைச் சின்னப் பதிப்பாளர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவதை கவுன்டரில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர் ஒவ்வொரு கட்டையும் பிரிக்காமல் கையில் வைத்துத் தட்டிப் பார்ப்பார், மூலை மடங்கியிருக்கிறதா என்று. வாங்குபவராக எழுதும் வாசகர்களிடமும் அதனால்தான் சொல்கிறேன்: சும்மா ஆர்டர் போட்டுவிட்டு வேண்டாம் என்றால், ஒருவர் கையிலிருந்து இரண்டு தடவை தபால் செலவு போகிறது.

பாட்டி வீட்டுப் பித்தளை அண்டா, தவலை, வெண்கலப் பானை எல்லாம் சேர்த்து 40 கிலோ இருக்கும். கோவையில் ஒருவர் வாங்குகிறார். கூரியர் செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எவ்வளவு என்று அவரிடம் சொல்வது?
– வாசகர், கும்பகோணம்

எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். லாரி பார்சல் ஆபீஸில் போட்டு, "டு பே" என்று எழுதச் சொல்லுங்கள். வாடகையைப் பொருளை எடுக்கும்போது அவரே கட்டிக்கொள்வார். உங்கள் கையில் அந்தப் பணம் வரப்போவதே இல்லை, அப்புறம் கூடுதலா குறைவா என்ற பேச்சுக்கு இடம் ஏது? பித்தளை வியாபாரிகள் காலங்காலமாக இப்படித்தான் அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்து கனமான பொருளுக்கு இதைவிட நியாயமான வழி கிடையாது.

ஆனால் சில விஷயங்களை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் குடோன் டெலிவரிதான், வீட்டுக்கு வராது. அவர்தான் போய் எடுக்க வேண்டும். வாடகையோடு ஏற்று கூலி, இறக்கு கூலி, ரசீதுக் கட்டணம் என்று சேரும். சரக்கு வந்த பிறகு பல நாள் எடுக்காமல் விட்டால் குடோன் வாடகையும் கேட்பார்கள். உங்கள் ஊர் ஆபீஸில் தோராயமாக எவ்வளவு வரும் என்று கேட்டு அந்தத் தொகையை அவருக்குச் சொல்லுங்கள், மலைத்துப்போக மாட்டார்.

அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் பானை என்று அடுக்கி, நடுவில் பழைய துணி திணித்து, மேலே சாக்கு வைத்துத் தைத்துவிடுங்கள். சாக்குக்கும் சணலுக்கும் ஆன காசை மட்டும் அவரிடம் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வெண்கலம் ஓங்கிப் போட்டால் விரிசல் விடும், பித்தளை நசுங்கும். அதனால் வெண்கலப் பானைதான் உள்ளே இருக்க வேண்டும். தைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் எடையோடு படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். பாட்டியின் பெயர் வெட்டியிருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆன்லைனில் வந்த பழைய அட்டைப்பெட்டிகளையே மறுபடி பயன்படுத்துகிறேன். அதற்குக் காசு வாங்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

சும்மா வந்த பெட்டிக்குக் காசு வேண்டாம், டேப்புக்கு மட்டும் வாங்குங்கள். பெட்டியின் மேல் இருக்கும் பழைய பார்கோடையும் முகவரியையும் கிழித்துவிடுங்கள், அல்லது மேலே வெள்ளைத் தாள் ஒட்டி மறையுங்கள். மெஷின் பழைய பார்கோடைப் படித்துவிட்டால் உங்கள் பார்சல் வேறெங்காவது சுற்றிக்கொண்டிருக்கும்.